தைரியம் சொன்ன கதை

இந்த உலகத்தில் கைக்காசு செலவில்லாமல் செய்யக்கூடிய தர்மம் ஒன்று உண்டு. அதற்குத் "தைரியம் சொல்லுதல்" என்று பெயர். அந்தத் தர்மத்தை அடியேன் ஒரு காலத்தில் வாரி வாரி வழங்கியிருக்கிறேன். யாராவது நோயாய்ப் படுத்திருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், உடனே புறப்பட்டுப் போய், கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது, ஸார்! மனத்தைத் தளரவிடாதீர்கள், பாதி வியாதி பறந்துவிடும்" என்று சொல்வேன். பிறகு கொடுத்த காப்பியையும் சாப்பிட்டுவிட்டு, பெரிய கடமையை நிறைவேற்றிய திருப்தியுடன் வீடு திரும்புவேன். பாக்கிப் பாதி வியாதியை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

அந்தத் தர்மத்தை நான் கைவிட்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கைவிடும்படி செய்தவள் என் அத்தை.

அத்தை மாயவரத்தில் இருந்தாள். அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறி வெகு காலமாகிறது. ஆனாலும் எங்கள் குடும்பத்தார் வாயில் மாயவரம் என்றுதான் வரும். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள், குழந்தைகள் இல்லை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றாள். கடைத்தெருவில் அவளோடு நடந்து போவதென்றால் அரை மணி நேர வழிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். புடவைக் கடையிலும், தபாலாபீஸிலும், பாங்கியிலும் அவளிடம் பின்னக் கணக்குப் படித்த பெண்மணிகள் எழுந்து நின்று நமஸ்காரம் செய்வார்கள். அத்தையும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "உன் பெண் எத்தனை மார்க் வாங்குகிறாள்?" என்று விசாரிக்காமல் நகரமாட்டாள்.

2011-ம் வருஷம், அவளுடைய அறுபத்திரண்டாவது வயதில், மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. உள்ளூர் டாக்டர் ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு என் தகப்பனார் கைக்கு வந்தது. மார்பகப் புற்றுநோய்.

உடனே குடும்ப மகாநாடு கூடிற்று. என் தகப்பனார், சித்தப்பா, நான் மூவரும் அங்கத்தினர்கள். நோய்க்கு உரியவள் மட்டும் அந்த மகாநாட்டுக்கு அழைக்கப்படவில்லை. "அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனம் உடைந்துவிடும்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. "சாதாரண நீர்க்கட்டி, சென்னையில் எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி, நான் அவளை ரயிலேற்றி மாம்பலத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பத்து நாள் இந்த நாடகம் நடந்தது. அத்தை காதில் விழாமல் டெலிபோனில் பேசுவதற்காக நான் மொட்டை மாடிக்குப் போவதும், அவள் எதிரில் வந்தவுடன் காரணமில்லாமல் சிரிப்பதுமாக, என் நடிப்புத் திறமையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோ ரிக்ஷா போய் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு முழ உயரமுள்ள எழுத்துக்களில் "புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு" என்று பலகை தொங்கியது. இந்த ஆபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று இறங்கி, பலகைக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

அத்தை மெதுவாக இறங்கினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். என் தலைக்கு மேலே ஒரு தரம் பார்த்தாள்.

"சற்று நகர்ந்துகொள், அப்பா! நீ புற்றைத்தான் மறைக்கிறாய், நோய் நன்றாகத் தெரிகிறது" என்றாள்.

நான் திகைத்துப் போய் நின்றேன். அத்தை மேலும் சொன்னாள்: "ஊசி போட்டுத் திசு எடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் இவ்வளவு சிரமப்பட்டு மறைக்கிறீர்களே, தெரிந்துவிட்டது என்றால் உங்களுக்குக் கஷ்டமாயிருக்குமே என்று நான்தான் பத்து நாளாய் வாயைத் திறக்கவில்லை."

இதைக் காட்டிலும் ஒரு விந்தை உண்டா? நாங்கள் அவளைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னோம். அவள் எங்களைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யை நம்பியது போல் பாசாங்கு செய்தாள். பத்து இரவுகள் ஒரே கூரையின் கீழ், தனித்தனியே, ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு கண் விழித்துப் படுத்திருந்தோம். அந்தப் பத்து இரவுகளையும் பேசிக் கழித்திருக்கலாமே என்று இன்று எண்ணும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை ரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றும் சிகிச்சை ஆரம்பமாயிற்று. கீமோதெரபி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். மருந்துகளில் ஒன்று செக்கச் செவேல் என்று இருக்கும். நோயாளிகள் தங்களுக்குள் அதற்குச் "சிவப்பு மருந்து" என்றே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது தவணைக்குள் தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. வாயெல்லாம் புண். எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போல் இருக்கிறது என்று அத்தை சொன்னாள்.

ரகசியம் வெளியாகிவிட்டபடியால், இனி என் பூரண சக்தியையும் தைரியம் சொல்வதில் செலுத்தலாம் என்று தீர்மானித்தேன். மனோபலத்தால் மரணத்தை வென்றவர்களைப் பற்றிய புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். வீட்டில் யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த உறவினர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். காலையில் அத்தை கண் விழித்ததும், "இன்றைக்கு எப்படி? நன்றாயிருக்கிறது அல்லவா?" என்று கேட்பேன். கேள்வியிலேயே பதிலும் இருந்ததால் அவள், "நன்றாயிருக்கிறது" என்பாள்.

நான்காவது தவணை முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம். அத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய், "அத்தை! நீங்களே இப்படி மனம் தளரலாமா? டாக்டர் என்ன சொன்னார்? தைரியந்தான் முக்கால் மருந்து என்று சொல்லவில்லையா?" என்று ஆரம்பித்தேன். உண்மையில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏண்டா அப்பா, காலையிலிருந்து நாலு தடவை வாந்தி எடுத்திருக்கிறேன். வாய்க்குள் நெருப்பை வைத்தது போல் இருக்கிறது. கொஞ்ச நேரம் அழலாம் என்று பார்த்தால், உனக்குத் தைரியம் சொல்லும் வேலையும் எனக்கே வந்து சேருகிறதே! ஐந்து நிமிஷம் நான் அழக்கூடாதா?"

அழுது முடித்துவிட்டு, மோர் கொண்டுவரச் சொன்னாள். அன்றைக்குத்தான் இரண்டு டம்ளர் மோர் அவள் வயிற்றில் தங்கியது.

அத்தைக்கு அந்த எட்டு மாதமும் உண்மையில் துணையாயிருந்தவர்கள் யார் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். தைரியம் சொன்னவர்கள் ஜாபிதாவில் ஒருவரும் இல்லை.

முதலில், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள். பட்டுத் தறி நெய்யும் குடும்பம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும்போது அத்தைக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. அத்தையைக் காட்டிலும் இரண்டு தவணை மூத்தவள். ஆகையால் இந்த விஷயத்தில் அத்தைக்கே அவள்தான் வாத்தியாரம்மா. "மயிர் உதிரும் வரையில் காத்திராதே, அக்கா! முன்னாலேயே ஒட்ட வெட்டிவிடு. தலையணையில் கொத்தாய்ப் பார்ப்பதுதான் தாங்காது" என்று சொன்னவள் அவள். எந்த ஆகாரம் வாய்ப்புண்ணுக்கு எரியாது, எந்த நாளில் களைப்பு அதிகம், எந்த நாளில் எழுந்து நடமாடலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தினந்தோறும் இரவு எட்டு மணிக்கு டெலிபோன் மணி அடிக்கும். இருவரும் பேசிச் சிரிப்பது அடுத்த அறைக்குக் கேட்கும். என்ன பேசினார்கள் என்று கேட்டால் அத்தை சொல்லமாட்டாள். "அது எங்கள் கட்சி விஷயம். உனக்கு வோட்டுக் கிடையாது" என்பாள்.

இரண்டாவது, எங்கள் கட்டிடத்தின் கீழே இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆட்டோவைப் பிடித்து வாசலில் நிறுத்தி வைப்பார். இதைச் செய்யும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, எதிர் வீட்டு மாமி. அவள் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. பத்து மணிக்கு மிளகு போடாத பருப்பு ரசம் ஒரு பாத்திரத்தில் வந்துவிடும். பிறகு சீட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். சீட்டாட்டத்தில் அந்த மாமி அத்தையை ஏமாற்றுவதும், அத்தை அதைக் கண்டுபிடித்துச் சண்டை பிடிப்பதும் பார்க்க வேண்டிய காட்சி. நோயாளிக்கு விட்டுக் கொடுத்து ஆட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குத் தோன்றவே இல்லை. அத்தைக்கு அதுவே பெரிய மரியாதையாயிருந்தது.

வேறு விதமான மனிதர்களும் வந்தார்கள். "என் ஓரகத்தியின் அண்ணாவுக்கும் இதே தான். மூன்றே மாதம்!" என்று ஆறுதல் கூறியவர்கள் உண்டு. தம்ளரில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இந்த நோய் தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. படித்தவர்களுக்கே இது தெரியாமலிருப்பதைக் கண்டு அத்தை கோபப்படவில்லை. "பின்னக் கணக்கும் இப்படித்தான், சொல்லிக் கொடுக்கும் வரையில் எல்லோருக்கும் பயமாயிருக்கும்" என்றாள்.

சிகிச்சை முடிந்தது. அத்தை மாயவரம் திரும்பினாள். மயிர் சுருட்டை சுருட்டையாய் முளைத்தது. எல்லோரும், "உன் மனோதைரியந்தான் உன்னைப் பிழைக்க வைத்தது" என்று அவளைக் கொண்டாடினார்கள். எல்லோரிலும் உரக்கச் சொன்னவன் நான்.

அந்தப் புகழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு என்பது 2014-ல்தான் தெரிந்தது. அந்த வருஷம் அத்தைக்கு ஓயாத முதுகு வலி வந்தது. படம் பிடித்துப் பார்த்ததில் நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. நான் மாயவரம் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட கேள்வியை நான் உயிருள்ள வரை மறக்கமுடியாது.

"எனக்குத் தைரியம் போதவில்லையோ, அப்பா? அன்றைக்கு அழுதேனே, அதனால்தான் திரும்பி வந்துவிட்டதோ?"

நேயர்களே! சென்ற மூன்று வருஷமாக நான் வழங்கி வந்த தர்மத்தின் பலன் இதுதான். தைரியத்தால் நோய் தீரும் என்றால், தீராத நோய்க்குத் தைரியக் குறைவுதானே காரணமாகவேண்டும்? உடம்பில் வலியைக் கொடுத்தது நோய். மனத்தில் குற்றத்தைக் கொடுத்தவன் நான்.

அன்றிரவே அத்தைக்குச் சிகிச்சை செய்த இளம் டாக்டர் ஒருவரை டெலிபோனில் கூப்பிட்டு, அத்தையின் கேள்வியை அப்படியே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதைப் பற்றி வெகு கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டுரைகளை அனுப்புகிறேன், நீங்களே படியுங்கள்" என்றார். படித்தேன். அவற்றின் சாரத்தைச் சொல்லுகிறேன்.

1989-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஓர் அதிசயமான முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவிவிட்ட 86 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் வாரம் ஒரு முறை கூடி மனம் விட்டுப் பேசும்படி செய்தார்கள். அப்படிக் கூடியவர்கள் சராசரி 36.6 மாதமும், மற்றவர்கள் 18.9 மாதமும் உயிரோடிருந்தார்கள். இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. நான் வாங்கிக் குவித்த புத்தகங்களிலும் இது இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. 2001-ல் கானடாவில் 235 பெண்களை வைத்து அதே முறையைச் சோதித்தார்கள். ஆயுள் நீளவில்லை. 2007-ல் ஸ்பீகலே மறுபடியும் செய்து பார்த்தார். அப்போதும் மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. அதே வருஷம், தலை கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரைப் பற்றிய இன்னோர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மனம் நன்றாயிருந்தவர்கள், சோர்ந்திருந்தவர்கள் என்ற வித்தியாசத்துக்கும் ஆயுளுக்கும் அதில் சம்பந்தம் காணப்படவில்லை.

ஆகவே, அழுததனால் யாருக்கும் நோய் திரும்புவதில்லை. சிரித்ததனால் யாருக்கும் கட்டி கரைவதுமில்லை.

அப்படியானால் நம்பிக்கையும் துணையும் வீணா? அதுதான் இல்லை. கானடாவில் கூடிப் பேசிய பெண்களுக்கு ஆயுள் நீளவில்லையே தவிர, வலி குறைவாகத் தெரிந்தது. மனத் துயரமும் குறைந்தது. ஆரம்பத்தில் அதிகமாகத் தவித்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இருக்கிற நாட்கள் வாழக்கூடிய நாட்கள் ஆயின. நோயாளிக்கு இது அற்ப லாபமா?

1993-ல் சார்ல்ஸ் கார்வர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆரம்ப நிலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட 59 பெண்களை ஒரு வருஷம் வரை தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் சுபாவமுள்ளவர்கள் குறைவாகவே தவித்தார்கள். ஏன் என்று பார்த்தபோது ஒரு சுவாரஸ்யமான விஷயம் வெளிப்பட்டது. அவர்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதித்தவர்கள் அல்ல. நோய் வந்திருப்பதை ஒப்புக்கொண்டவர்கள். அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசவும் கூடியவர்கள். மறுத்தவர்களும் கைவிட்டவர்களும்தான் அதிகம் துன்பப்பட்டார்கள். இதைப் படித்தபோது, பலகைக்கு எதிரே நின்று அத்தை சொன்ன பரிகாசம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பத்தில் நம்பிக்கையோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் மறுத்துக்கொண்டிருந்தோம்.

துணையைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் யோசிக்கத் தக்கது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கண்ட 2,835 நர்ஸுகளைப் பற்றி 2006-ல் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. சுற்றமும் நட்பும் இல்லாமல் தனித்திருந்தவர்கள் அந்த நோயினால் இறப்பது, நிறைய மனிதர்களோடு பழகியவர்களைக் காட்டிலும் இரு மடங்காயிருந்தது. அதற்கு ஆராய்ச்சியாளர்கள் கூறும் காரணத்தில் மாய மந்திரம் ஒன்றுமில்லை. நண்பர்களும் உறவினர்களும் வளர்ந்த பிள்ளைகளும் கூட இருந்து செய்யும் பராமரிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே. அதாவது, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆட்டோ பிடித்து நிறுத்த அவர்களுக்கு ஒருவர் இல்லை.

மறுநாள் காலை அத்தையிடம் உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னேன். எண்களோடு சொன்னேன், அவள் கணக்கு வாத்தியாரம்மா அல்லவா? "ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று பேரா? நல்ல பெரிய கணக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு வெகு நேரம் ஊஞ்சலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாடா! அப்படியானால் அது என் குற்றமில்லை" என்றாள்.

நம்முடைய நாட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியை நினைக்காமல் இருக்க முடியாது. 1927-ல் சென்னைச் சட்டசபையின் உப தலைவராயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அவர். அவருடைய சொந்தத் தங்கை 1923-ல் புற்றுநோயால் மாண்டாள். வைத்தியம் படித்தவரே பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்து, 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் காலமாகும் வரையில் அந்த வளாகத்திலேயே குடியிருந்து நோயாளிகளைக் கவனித்தார். "தைரியமாய் இரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டையே நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் அவர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வலி நிவாரண இயக்கமும் இந்த வழியில்தான் வளர்ந்தது. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே தொண்டர்களாகி, தீராத நோய் கண்டவர்களின் வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டவும், புண் கட்டவும், அரிசி வாங்கிக் கொடுக்கவும் பழகினார்கள்.

வலி நிவாரணம் கடைசி மூச்சுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவதும் பிசகு. 2010-ல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரில் ஒரு பகுதியினருக்கு, நோய் கண்டுபிடித்தவுடனேயே, வழக்கமான சிகிச்சையோடு வலியையும் மனக்கவலையையும் கவனிக்கும் வைத்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய வாழ்வு மற்றவர்களுடையதைவிடச் சுகமாயிருந்தது. மனச் சோர்வு குறைந்தது. அது மட்டுமல்ல, அவர்கள் சராசரி 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். தைரியம் சொல்லி நீட்ட முடியாத ஆயுள், வலியைத் தணித்ததில் கொஞ்சம் நீண்டது.

அத்தைக்கும் அந்த விதமான வைத்தியம் கிடைத்தது. மார்பின் மருந்தை நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கச் செய்யும் சட்டத் திருத்தம் பார்லிமெண்டில் நிறைவேறியது அந்த 2014-ல்தான். வாரத்துக்கு ஒரு முறை நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். வலி அடங்கியதும் அத்தை மறுபடியும் அத்தை ஆனாள்.

அவளுடைய நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் உருவம் மாறியது. நோய் தீர்ந்துவிடும் என்று அவள் பிறகு பேசினதில்லை. அடுத்த தெருவில் பூக்கட்டும் ஒரு அம்மாளின் பெண் அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுத வேண்டியிருந்தது. கணக்கில் மோசம். "பரீட்சை வரையில் இருந்துவிட்டால் போதும்" என்று அத்தை தீர்மானித்தாள். பெண் தினமும் சாயங்காலம் வருவாள். அத்தை தலையணையில் சாய்ந்துகொண்டு சிலேட்டில் எழுதச் சொல்வாள். தப்பாகப் போட்டால் குரல் வாசல் வரை கேட்கும். அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நோயாளி யாரும் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஆரணியிலிருந்து டெலிபோன் வருவதும் ஒரு நாள் தவறவில்லை.

2015 மார்ச்சு மாதத்தில் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை எழுதிய அன்று பெண் நேரே அத்தையிடம் ஓடிவந்து வினாத்தாளைக் காட்டினாள். அத்தை ஒவ்வொரு கணக்காகச் சரி பார்த்து, "எழுபத்திரண்டு வரும்" என்றாள். ஏப்ரல் மாதம் ஒரு விடியற்காலையில் அத்தை தூக்கத்திலேயே காலமானாள். மே மாதம் பரீட்சை முடிவு வெளியாயிற்று. எழுபத்து நான்கு. இரண்டு மார்க் கணக்குத் தப்பிவிட்டதை அவளிடம் சொல்ல முடியவில்லையே என்பது இன்றும் எனக்கு ஒரு குறை.

காரியத்துக்கு ஆரணி அம்மாள் வந்திருந்தாள். அவளுக்கு நோய் திரும்பவில்லை. அவள் அத்தையைவிடத் தைரியசாலியா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒருவருக்குத் திரும்புகிறது, ஒருவருக்குத் திரும்புவதில்லை. நோயின் குணமும், அது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதும், கிடைத்த சிகிச்சையும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் அது. பந்தி முடிந்த பிறகு அந்த அம்மாள் தனியே வந்து, "எட்டு மணிக்குக் கை தானாக டெலிபோனுக்குப் போகிறது, தம்பி" என்று சொல்லி அழுதாள். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்பொழுதும் யாருக்காவது இந்த நோய் என்று காதில் விழுந்தால் நான் பார்க்கப் போகிறேன். தைரியம் சொல்வதில்லை. நம்பிக்கையோடு இருக்க முடிந்தவர்கள் இருக்கட்டும். முடியாத நாளில் அழட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது எந்தத் தேதி? கூட யார் வருகிறார்கள்?"

பாதி வீடுகளில் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. அந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.